அரைப்பேர்

மாலை நாலரை மணி. கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தராசு தொங்குகிறது. முதுகுக் கூடையை இறக்கிவிட்டு, தலைக்கயிறு அழுத்திய நெற்றியைத் தடவியபடி பெண்கள் வரிசையில் நிற்கிறார்கள். கணக்கப்பிள்ளை முள்ளைப் பார்க்கிறார். சாக்குக்கு இவ்வளவு, கொழுந்தில் ஒட்டிய ஈரத்துக்கு இவ்வளவு என்று கழிக்கிறார். மிஞ்சியதைக் கொப்பியில் எழுதுகிறார். பதினெட்டுக் கிலோ கேட்கும் தோட்டத்தில் பதினாறுதான் நின்றது என்றால் அன்றைக்கு அந்தப் பெண்ணுக்கு அரைப்பேர்.

மலையகத்துக்கு வெளியே வளர்ந்தவர்களுக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டும். தோட்டத்துத் தமிழில் பேர் என்றால் ஒரு நாள் சம்பளம். செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டில் பேர் விழுந்தால் கூலி உண்டு. விழாவிட்டால் காலை ஏழு மணியிலிருந்து அட்டைக்கடியும் மழையும் பட்டது சும்மா. “இந்த மாசம் எத்தன பேரு?” என்று லயம் எனப்படும் வரிசை வீட்டு வாசலில் ஒருத்தி இன்னொருத்தியைக் கேட்டால், வேலை செய்த நாட்களைக் கேட்கிறாள் என்று பொருள். ஆளையும் கூலியையும் ஒரே சொல்லால் குறிக்கும் இந்த வழக்கு வேறு எந்தத் தமிழிலும் உண்டா என்று எனக்குத் தெரியவில்லை. கண்டியைச் சுற்றிய மலைகளில் இருநூறு ஆண்டுகளாக நடந்ததை இந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டே சொல்லிவிடலாம். எந்தத் தாளில் யார் பேர் இருக்கிறது, எதில் இல்லை என்பதுதான் இங்கே ஒவ்வொரு சண்டையின் அடியிலும் கிடக்கிறது.

சண்டை என்றதும் கொடியும் மேடையும் நினைவுக்கு வரும். அவையும் இருந்தன. ஆனால் கண்டியில் இருந்துகொண்டு வேறு மாதிரி வேலை செய்த சிலர் உண்டு. சட்டத்தைப் படித்தார்கள், பழைய காகிதங்களைச் சேர்த்தார்கள், ஒரு சட்டப் பிரிவைத் திருத்த வைக்க வருடக்கணக்காக ஒரே விஷயத்தைப் பேசினார்கள். ஊர்வலம் போல இந்த வேலை படத்தில் விழாது. இந்தக் கட்டுரை அவர்களைப் பற்றியது.

இரண்டு அருங்காட்சியகங்கள்

கண்டி நகரிலிருந்து ஹந்தானை மலையில் ஏறினால் நாலு கிலோமீற்றரில் இலங்கைத் தேயிலை அருங்காட்சியகம். 1925இல் எழுந்த தேயிலைத் தொழிற்சாலைக் கட்டிடம் அது. மூடிக் கிடந்ததைச் சீர்செய்து 2001இல் திறந்தார்கள். கொழுந்து அரைக்கும் பழைய உருளைகள், எஞ்சின்கள், வாட்டும் தட்டுகள், ஜேம்ஸ் டெய்லரின் சாமான்கள் எல்லாம் அங்கே இருக்கின்றன. மேல்மாடியில் ஒரு கோப்பைத் தேநீரோடு மலைகளைப் பார்க்கலாம். நல்ல இடம், பார்க்காதவர்கள் பார்க்க வேண்டும்.

டெய்லரின் கதை பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். ஸ்கொட்லாந்துக்காரர். கண்டி மாவட்டத்து ஹேவாஹெட்டப் பக்கம் லூல்கந்துரத் தோட்டத்தில் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை வைத்தார். 1892இல் இறந்தபோது, பாரிய உடம்பு என்பதால், பன்னிரண்டு பன்னிரண்டு பேராக இருபத்து நாலு தொழிலாளர்கள் முறை மாற்றி மலைப்பாதையில் அவரைக் கண்டிக்குச் சுமந்து வந்தார்கள். மஹய்யாவ மயானத்தில் அடக்கம் செய்தார்கள். கல்லறையில் அவர் பேர் இருக்கிறது. சுமந்தவர்களில் ஒருவர் பேரும் எங்கும் இல்லை.

அந்த இருபத்து நாலு பேருக்கான இடம் கம்பளைப் பக்கத்தில், பாரதெக என்ற சந்திக்கு அருகே பழைய பீகொக் தோட்டத்தில் இருக்கிறது. சிங்களத்தில் பாரதெக என்றால் இரண்டு பாதை. கண்டியில் இயங்கும் சமூக அபிவிருத்தி நிறுவகமும் அதன் பணிப்பாளர் பெ. முத்துலிங்கமும் முன்னின்று 2007இல் அங்கே தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகத்தைத் திறந்தார்கள். புதிதாகக் கட்டிடம் எழுப்பவில்லை. பழைய லயத்தையே எடுத்துக்கொண்டார்கள். உள்ளே போனால் கவ்வாத்துக் கத்தி, வீட்டுப் பாத்திரம், நகை, தப்பு, ஆவணங்கள், பழைய படங்கள். ஆனால் பெரிய காட்சிப்பொருள் காம்பரா என்ற அந்த ஒற்றை அறைதான். பத்தடிக்குப் பன்னிரண்டடி. அடுப்பு, படுக்கை, பிரசவம், மரணம் எல்லாவற்றுக்கும் அவ்வளவுதான் இடம். நடுவில் நின்று இரண்டு கைகளையும் விரித்துப் பாருங்கள், சுவர் பக்கத்தில் வந்துவிடும்.

ஹந்தானைக்கு வெளிநாட்டுக்காரர்களை ஏற்றிக்கொண்டு வான்கள் வரிசையாகப் போகும். பாரதெகவுக்கு நீங்களே வழி விசாரித்துப் போக வேண்டும். தேயிலையைப் பற்றி இரண்டு கதைகள் இருக்கின்றன என்பதைக் கண்டிக்கு வருகிறவர்களிடம் யாராவது சொல்ல வேண்டும். முச்சக்கரவண்டிக்காரர் சொல்லமாட்டார்.

துண்டும் தகரமும்

1820களில் கம்பளைக்குப் பக்கத்துச் சிங்ஹபிட்டியவில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பித் தோட்டம் போட்டதிலிருந்து தமிழ்நாட்டுக் கிராமங்களின் ஆட்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியாக நடந்து இந்த மலைக்கு வந்தார்கள். வழியில் செத்தவர்களுக்குக் கணக்கு இல்லை. வந்து சேர்ந்தவர்களின் கணக்கோ ஆள் கூட்டிவந்த கங்காணியிடம் பற்று என்ற பேரில் கடனாக இருந்தது. தோட்டம் மாற வேண்டுமானால் அந்தக் கடனை அடைத்தால் விடுவிப்பேன் என்று துரை எழுதிக்கொடுக்கும் ‘துண்டு’ வேண்டும். துண்டு இல்லாதவனை வேறு தோட்டம் எடுக்காது. 1921இல்தான் அது ஒழிந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தவர்களின் கழுத்தில் தோட்டத்தின் குறியும் இலக்கமும் அடித்த தகரத் துண்டு தொங்கியது. சாமானுக்கு ஒட்டும் சீட்டுப் போல.

1948இன் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வந்து இவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியபோது மறுபடி காகிதம். அதற்கு முந்தைய வருடப் பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு பேரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியிருந்தது. அடுத்த தேர்தலில் அந்த வாக்காளர்களில் பெரும்பாலோரின் பேர் இடாப்பில் இல்லை. 1949இல் விண்ணப்பிக்க ஒரு வழி திறந்தார்கள். 1946க்கு முன்னரே ஏழு வருடம் தொடர்ந்து இங்கே வாழ்ந்தேன் என்று காட்ட வேண்டும், தனியாள் என்றால் பத்து வருடம். எழுதப் படிக்க விடாமல் வைத்திருந்தவர்களிடம் எழுத்தில் சான்று கேட்டார்கள். எட்டு இலட்சத்துக்கும் அதிகமானோருக்காக விண்ணப்பங்கள் போயின. உரிமை கிடைத்தவர்கள் ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேர்.

1964 ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் எண்ணைப் பிரித்துக்கொண்டார்கள். 5 இலட்சத்து 25 ஆயிரம் அங்கே, 3 இலட்சம் இங்கே. மிச்சம் ஒன்றரை இலட்சத்தை 1974இல் பாதி பாதி. கண்டியிலுள்ள இந்திய உதவி உயர்ஸ்தானிகராலயத்து வாசலில் அந்தக் காலத்து மலையகத்தில் நிற்காத குடும்பம் குறைவு. தலைமன்னாருக்குப் போன ரயிலுக்கு மக்கள் வைத்த பேர் அழுகைக் கோச்சி. ஒரே லயத்தில் அக்கா போனாள், தங்கை நின்றாள். 2003இன் 35ஆம் இலக்கச் சட்டம் மிஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குக் குடியுரிமை கொடுத்து அந்தப் பக்கத்தை மூடியது. இடையில் 55 வருடம்.

பாதர் செய்தது

1972இல் கண்டியில் ஒரு வீட்டில் சிலர் கூடி வாழத் தொடங்கினார்கள். சிங்களவர், தமிழர், பௌத்தர், இந்து, கிறிஸ்தவர் என்று பல வகை. சமைப்பது, சாப்பிடுவது, சண்டை பிடிப்பது எல்லாம் ஒன்றாக. நடத்தியவர் பாதர் போல் கஸ்பர்ஸ், இயேசு சபைக் குருவானவர். வீட்டுக்கு வைத்த பேர் சத்தியோதயம்.

அந்த வருடத்தில் வேறொன்றும் நடந்தது. காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியார் வைத்திருக்கும் நிலத்துக்கு 50 ஏக்கர் உச்சவரம்பு போட்டது. மூன்று வருடம் கழித்துக் கம்பனித் தோட்டங்களும் அரசின் கைக்கு வந்தன. தாளில் படித்தால் முற்போக்கு. கண்டி மலைகளில் அது எப்படி இறங்கியது என்றால், பல தோட்டங்கள் பக்கத்துக் கிராமத்தவருக்குத் துண்டாடப்பட்டன. அதே மண்ணில் மூன்று தலைமுறை உழைத்தவர்களுக்கு அதில் பங்கு இல்லை, வேலையும் போனது. 1973–74இல் பஞ்சம். தோட்டத்து மக்கள் கண்டித் தெருக்களில் கையேந்தி நின்றார்கள். கொஞ்சப் பேர் வன்னிக்கு நடந்தார்கள்.

பஞ்ச காலத்தில் கஞ்சி ஊற்ற ஆட்கள் வருவார்கள், வந்தார்கள். கஸ்பர்ஸின் தனித்தன்மை வேறிடத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். தோட்டத்து ஆற்றுக்கு மறுபக்கம் நிற்கும் சிங்களக் கிராமத்தவனையும் அவர் அதே கணக்கில் சேர்த்தார். வெள்ளைக்காரன் 1840இல் முடிக்குரிய காணிச் சட்டத்தைப் போட்டுக் கண்டி விவசாயியின் சேனையையும் மேய்ச்சலையும் எடுத்தான். அந்த நிலத்தில் வேலை செய்யத் தமிழனைக் கொண்டுவந்தான். நிலம் பறிகொடுத்தவனும் நிலம் இல்லாதவனும் எதிரெதிர் மேட்டில் நூறு வருடமாக முறைத்துக்கொண்டு நிற்கிறார்கள். 1951இல் வந்த கண்டி விவசாயிகள் ஆணைக்குழுவின் அறிக்கையில் ஒருவனின் துயரம் இருக்கிறது. மற்றவனின் துயரத்துக்கு அப்படி ஓர் ஆணைக்குழு இல்லை. இரண்டையும் ஒரே மேசையில் வைக்க வேண்டும் என்பதுதான் சத்தியோதயத்தின் வேலை. 1974இல் பெருந்தோட்டப் பகுதிகளுக்கான ஒருங்கிணைப்புச் செயலகம் உருவானது, சிறு சிறு அமைப்புகளை ஓர் இணைப்பில் கொண்டுவர. 1979இல் இனங்களுக்கிடையிலான நீதிக்கும் சமத்துவத்துக்குமான இயக்கம் தொடங்கியது. கஸ்பர்ஸ் அதன் தலைவரானார்.

அப்போது 1977 இன வன்செயல் நடந்து முடிந்திருந்தது, 1983இன் வன்செயல் வரவிருந்தது. இரண்டிலும் மலையகத்தவன் அடிவாங்கினான். ஒரு மதகுருவின் நல்லெண்ணத்தால் எதைத் தடுக்க முடிந்தது என்று கேட்பவர்கள் உண்டு. கேட்கலாம். நான் பார்ப்பது இதை: அந்த வீட்டில் தோட்டங்களைப் பற்றிய அறிக்கைகள், ஆய்வுகள், பத்திரிகைத் துணுக்குகள் வருடா வருடம் சேர்ந்தன. பின்னால் மலையகத்தைப் பற்றிப் படிக்க வந்த மாணவன் அந்த அலமாரியைத் திறக்காமல் போனதில்லை. 2017இல் கஸ்பர்ஸ் காலமானார்.

முப்பத்து மூன்றாம் பிரிவு

இதைச் சொன்னால் சிலர் சிரிப்பார்கள். தோட்டத்துத் தொழிலாளி பிரதேச சபைத் தேர்தலில் வாக்களிக்கலாம். வென்ற உறுப்பினர் தோட்டத்துக்குள் ஒரு ரோட்டைச் சபைப் பணத்தில் போட்டுக்கொடுக்க முடியாது. 1987இன் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு அப்படி. தோட்டம் தனி நிர்வாகத்துக்குரிய இடம், சபைக்கு அதில் செலவழிக்க உரிமை இல்லை. வரிசையில் நின்று விரலில் மை பூசிக்கொண்டு வந்தவளுக்கு மழைக்காலத்தில் நோயாளியைத் தூக்கிச் செல்ல ஒரு தளமிட்ட பாதை இல்லை, ஒரு தெருவிளக்கு இல்லை.

இந்தப் பிரிவைச் சமூக அபிவிருத்தி நிறுவகம் கையில் எடுத்தது. கருத்தரங்கு, துண்டுப்பிரசுரம், அமைச்சருக்கு மனு, உறுப்பினர்களுக்குப் பயிற்சி என்று சலிப்பூட்டும் வேலைதான். 2018இல் நாடாளுமன்றம் பிரிவைத் திருத்தியது. தோட்டத்து வாசிகசாலைக்கும் பாதைக்கும் சபை காசு செலவழிக்கலாம் என்று ஆனது. சபைகளிடம் காசு இருக்கிறதா என்பது வேறு கேள்வி.

முகவரியும் இதே ரகம். பல தோட்டங்களில் வீட்டுக்கு இலக்கம் கிடையாது. தோட்டத்தின் பேர், டிவிசன், எத்தனையாவது லயம் என்று எழுதினால் தபால் ஒப்பீஸுக்கு வரும், அங்கே கிடக்கும். நேர்முகத்தேர்வுக் கடிதம் திகதி கடந்த பிறகு கைக்கு வந்த கதை ஒன்றாவது சொல்லாத பிள்ளையை நான் மலையகத்தில் சந்தித்ததில்லை. எனக்குத் தெரிந்த ஒரு பையன் அதனாலேயே கண்டியில் ஒரு கடை முகவரியைக் கொடுத்து வைத்திருந்தான். கடைக்காரர் தங்கமானவர், போனில் கூப்பிட்டுச் சொல்வார்.

பேருக்கு நடந்த இன்னொரு சண்டை இனப்பேருக்கு. குடிசன மதிப்பீட்டில் நீண்ட காலம் ‘இந்தியத் தமிழர்’. 2012இல் அந்தக் கட்டத்தில் 8 இலட்சத்து 39 ஆயிரம் சொச்சம் பேர் இருந்தார்கள். ஐந்து தலைமுறை இங்கே பிறந்து செத்த பிறகும் இந்தியா எதற்கு என்று கேட்டுக் கேட்டு, 2024 மதிப்பீட்டில் ‘மலையகத் தமிழர்’ என்ற சொல்லும் அந்தக் கட்டத்துக்குள் வந்தது. அதற்கு முந்தைய வருடம், வந்த இருநூறாவது ஆண்டை நினைவுகூர்ந்து ‘மாண்புமிகு மலையக மக்கள்’ என்ற பேரில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். ஜூலை 28இல் தொடங்கி ஓகஸ்ட் 12இல் முடிந்தது, முன்னோர் நடந்த அதே திசையில். வழிநெடுக சிங்கள ஊர்களில் தண்ணீரும் சோறும் கொடுத்தவர்கள் பலர்.

பொம்பளைப் பேர்

கொழுந்து பறிக்கிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். தொழிற்சங்கத்துக்குச் சந்தா வெட்டுவது அவர்கள் சம்பளத்திலும்தான். மேடையில் மட்டும் வேட்டிகள். ஆணுக்கும் பெண்ணுக்கும் சம நாட்கூலி 1984இன் பெரிய வேலைநிறுத்தத்துக்குப் பிறகுதான் வந்தது. அதுவரை பொம்பளைப் பேருக்கு விலை குறைவு.

மேனகா கந்தசாமியை இந்த இடத்தில் சொல்ல வேண்டும். இலங்கைத் தொழிலாளர் செங்கொடிச் சங்கத்தில் பொதுச்செயலாளர் நாற்காலிக்கு ஒரு பெண் வந்தது அவர் மூலம். கண்டியில் இருந்து இயங்கும் செங்கொடிப் பெண்கள் இயக்கமும் அவருடையது. தோட்டத்தில் பேர் குறையக் குறைய, பிள்ளைகள் கண்டி, கொழும்பு வீடுகளுக்கு வேலைக்குப் போகத் தொடங்கியதை அவர் கவனித்தார். அடுப்படியில் வேலை செய்பவளுக்குச் செக்ரோலும் இல்லை, சேமலாப நிதியும் இல்லை, நேரமும் இல்லை. அரைப்பேர்கூட இல்லை. வீட்டுப் பணியாளர்களுக்கென்று தனிச் சங்கம் அமைக்க அவர் இறங்கினார், 2012இல் அது பதிவானது. வேலைக்கு வைத்திருக்கும் வீட்டம்மாவும் பல சமயம் சம்பளத்துக்கு வேலை செய்கிறவள்தான். அதனால் இந்தச் சண்டை எல்லோருக்கும் சங்கடமானது. கண்டியில் நல்ல மனதுள்ள பல குடும்பங்கள் இதைப் பற்றிப் பேச விரும்புவதில்லை.

ஏழு பேர்ச்சஸ்

சம்பளக் கதை எல்லோருக்கும் தெரிந்ததே. நாட்கூலியாக ஆயிரம் ரூபா கேட்டு 2018 ஒக்டோபரில் மலையகத்து இளைஞர்கள் கறுப்புச் சட்டையோடு காலிமுகத்திடலில் கூடினார்கள். 2021 மார்ச்சில் ஆயிரம் வர்த்தமானிக்கு வந்தது. 2024 செப்டெம்பரில் 1,350. அதற்குள் பொருளாதாரம் விழுந்து மாவின் விலை எங்கோ போய்விட்டது.

நான் அதிகம் யோசிப்பது இன்னொரு கணக்கை. இலங்கைத் தேயிலையில் ஏறக்குறைய நாலில் மூன்று பங்கு இன்று சிறுதோட்டக்காரரின் கையிலிருந்து வருகிறது. பத்து ஏக்கருக்கும் குறைந்த காணி, அதிலும் பெரும்பாலும் அரை ஏக்கர், ஒரு ஏக்கர். அவர்களுக்கென ஓர் அதிகாரசபை உண்டு, கன்றுக்கு மானியம் உண்டு. பேராதனையிலிருந்து கம்பளைப் பக்கம் போனால் வீட்டோரம் மிளகு ஏறிய கமுகு, பலா, கராம்பு, அதற்கு நடுவே தேயிலை என்று அவர்களின் தோட்டங்களைப் பார்க்கலாம். மண் கரையாத தோட்டங்கள் அவை. மர வேர் பிடித்து வைத்திருக்கிறது. கொழுந்தைத் தொழிற்சாலை லொறி வாசலில் வந்து ஏற்றிக்கொள்கிறது. இந்தத் தொழிலில் முன்னேறியவர்கள் அவர்கள்தான், உழைத்துத்தான் முன்னேறினார்கள்.

தலைமுறை தலைமுறையாகக் கொழுந்தைத் தவிர வேறெதுவும் தெரியாத சமூகம் அந்தப் பட்டியலில் இல்லை. காரணம் எளிது, காணி உறுதியில் பேர் வேண்டும். கண்டி, மாத்தளை மலைகளில் இன்னும் கணிசமான தோட்டங்கள் அரசின் ஜனவசமவிடமும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனத்திடமும் எல்கடுவக் கம்பனியிடமும் இருக்கின்றன. பல மலைகள் புல்லேறிக் காடாகிவிட்டன, பக்கத்திலேயே வேலையற்ற கைகள். சில இடங்களில் ஒரு குடும்பத்துக்குச் சில ஆயிரம் செடியைப் பிரித்துக்கொடுத்துக் கொழுந்தைக் கிலோக் கணக்கில் வாங்கும் முறை வந்திருக்கிறது. உழைப்புக் கூடும், வருமானமும் கூடலாம். ஆனால் செடி கம்பனியுடையது, சொன்னால் விட்டுவிட்டுப் போக வேண்டியதுதான். குத்தகை எழுதிக் கொடுங்கள் என்று கேட்பவர்களுக்கு இன்னும் நேரான பதில் இல்லை.

வீட்டுக்கு மட்டும் ஏழு பேர்ச்சஸ் காணி என்ற கொள்கை வந்தது. இந்திய உதவியில் 4,000 வீடுகள், பிறகு 2017இல் நோர்வூட்டில் மோடி அறிவித்த மேலும் 10,000. தனி வீடு, தனி வாசல், இலக்கம் போட்ட கதவு. கிடைத்தவர்கள் முதலில் செய்தது வாசலில் ஒரு ரோஜாச் செடி வைத்தது என்பதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். கிடைக்காதவர்களின் எண்ணிக்கைக்கு முன்னால் இது சிறு துளி. உறுதி கைக்கு வராமல் வீட்டில் மட்டும் குடியிருப்பவர்களும் உண்டு.

பிறகு 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் வந்தது. மலை கரைந்து இறங்கியது. நாடு முழுதும் அறுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதிகம் அடிபட்ட மாவட்டங்களில் கண்டி முன்னால் நிற்கிறது. கிராமம், தோட்டம், நகரம் என்று பார்க்காமல் மண் இறங்கியது. ஆனால் லயங்கள் எங்கே கட்டப்பட்டன என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். தேயிலைக்கு ஆகாத சரிவில், ஓடைக் கரையில், துரை பங்களாவின் கண்ணில் படாத மூலையில். எப்போதோ யாரோ ஒரு வெள்ளைக்காரன் வரைபடத்தில் பென்சிலால் போட்ட கோட்டில்தான் இன்றும் பிள்ளைகள் தூங்குகிறார்கள். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் வந்து ஆபத்தான இடம் என்று எழுதிக் கொடுக்கிறது. எழும்பிப் போகச் சொல்கிறார்கள். எங்கே என்று கேட்டால், காணி கம்பனியின் கையில், கம்பனிக்குக் குத்தகை கொடுத்தது அரசு, அரசுக்கு யோசனை இருக்கிறது.

புயலுக்குப் பிறகு ஒரு பள்ளிக்கூடத்து முகாமில் சேத விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். கிராம சேவகரின் மேசைக்கு முன்னால் அறுபது வயதிருக்கும் ஓர் அம்மா. பெயர் சொன்னார், அடையாள அட்டை இலக்கம் சொன்னார், எத்தனை காம்பரா இடிந்தது என்று சொன்னார். வீட்டு உரிமையாளர் யார் என்ற இடத்தில் எழுதுகிறவரின் பேனா நின்றது. அம்மா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “என் பேரையே போடுங்க மகன்” என்றார்.